ரிப்போர்ட்டின் சிவப்பு எழுத்தும் இதயத்தின் அபாயமும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவருக்கு 41 வயது, திருப்பூரில் வேலை, சைவம். இவருடைய அண்ணனுக்கு 46 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பயந்துபோய் இவரும் ஒரு மாஸ்டர் செக்கப் எடுத்திருக்கிறார். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 240, எல்டிஎல் (கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள், 'கெட்ட' கொலஸ்ட்ரால் என்பார்கள்) 128, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) 24, எச்எஸ்-சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) 6.2, கடைசி இரண்டும் தடித்த சிவப்பில். "எல்டிஎல் நார்மல் என்று இருக்கிறது. ஆனால் ஹோமோசிஸ்டீன் இவ்வளவு ஏறியிருக்கிறதே, எனக்கும் அடைப்பு வந்துவிடுமா? அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட எல்டிஎல் 96தான். அப்படியானால் கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?"

நான் மருத்துவர் இல்லை. 22 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எதை எவ்வளவு நம்பலாம் என்பதில் தினமும் புரள்கிறேன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: சிவப்பில் இருக்கும் ஹோமோசிஸ்டீனைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், கறுப்பில் இருக்கும் 128ஐப் பார்த்து நிம்மதி அடைகிறீர்கள். நானாக இருந்தால் இரண்டையும் தலைகீழாக வைத்துக்கொள்வேன்.

முதலில் அந்த 128. அதை எந்த இயந்திரமும் அளக்கவில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 240ஐ ஐந்தால் வகுத்தால் 48. அதோடு எச்டிஎல் 36ஐக் கூட்டினால் 84. மொத்தம் 212இலிருந்து 84 போனால் 128. சரியாக வருகிறதா? ஃப்ரீட்வால்டும் அவருடைய சகாக்களும் 1972இல் வெளியிட்ட சூத்திரம் இது. ரத்தத்தில் மிதக்கும் இன்னொரு வகைக் கொழுப்புத் துகளான விஎல்டிஎல்லில் உள்ள கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிற கணக்கு. ட்ரைகிளிசரைடு குறைவாக இருப்பவர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். அது ஏற ஏறக் கணக்கு நழுவும். 400ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது.

நழுவுவது எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கல்யாண சீசனில் முந்தின இரவு விருந்து சாப்பிட்டுவிட்டு, காலையில் "வெறும் வயிறுதான்" என்று வந்து உட்காருவார்கள். ரத்தத்தை எடுத்து மையவிலக்கில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே தெளிந்த வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்க வேண்டும். இவர்களில் சிலருடைய குழாயில் தண்ணீர் கலந்த பால்போல வெண்மையாக நிற்கும். அப்படி ஒருவருக்கு ட்ரைகிளிசரைடு 520, மொத்தக் கொலஸ்ட்ரால் 230, எச்டிஎல் 34. சூத்திரத்தில் போட்டால் எல்டிஎல் 92 என்று வரும். பார்க்க அழகான எண். முன்பு வேறொரு லேபில் அவருக்கு அதைத்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், அவரும் இரண்டு வருடம் அதை நம்பிக்கொண்டு இருந்தார். உங்களுடைய 240இல் இவ்வளவு பெரிய பிழை வராது. ஆனால் 128 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை என்பது புரிந்தால் போதும். ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் விட்டு எடுத்தாலே எல்டிஎல் பத்து புள்ளி ஏறி இறங்கும். 130க்கு மேலே போனால்தான் சிவப்பு என்று கணினியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டுக்கு இரண்டு புள்ளி இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதைவிட நம்பகமான ஒரு எண் உங்கள் ரிப்போர்ட்டிலேயே செலவில்லாமல் ஒளிந்திருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 176. நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால் என்பது இதுதான். தமனிச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் இதற்குள் அடக்கம். ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தாலும் இந்தக் கழித்தல் கெடாது. ஒருவருக்கு எல்டிஎல் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறாரோ, அதோடு 30ஐக் கூட்டினால் நான்-எச்டிஎல் இலக்கு. எல்டிஎல் 100க்குள் என்றால் இது 130க்குள். 176 என்பது எவ்வளவு தள்ளி இருக்கிறது பாருங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் அப்போ-பி. எல்டிஎல், விஎல்டிஎல் போன்ற ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கொலஸ்ட்ராலை அளப்பது லாரிகளில் மொத்தம் எத்தனை மூட்டை போகிறது என்று பார்ப்பது. அப்போ-பி என்பது எத்தனை லாரி போகிறது என்று எண்ணுவது. சாலையில் இடிப்பது மூட்டை இல்லை, லாரி. ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு என்ற சேர்க்கை உள்ளவர்களிடம் சின்னச் சின்ன எல்டிஎல் துகள்கள் ஏராளமாக ஓடும். ஒவ்வொன்றிலும் சுமை குறைவு. அதனால் எல்டிஎல் கொலஸ்ட்ரால் சுமாராகத் தெரியும், துகள் எண்ணிக்கையோ எகிறி நிற்கும். தெற்காசியர்களிடம் இந்தச் சேர்க்கை மிகச் சாதாரணம். உங்கள் ரிப்போர்ட் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். செக்கப் பேக்கேஜில் தண்டமாகச் சேர்க்கிற பல டெஸ்ட்டுகளுக்கு நடுவே, உங்களைப் போன்றவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்தது அப்போ-பி.

அண்ணனின் 96க்கு வருகிறேன். மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்தாலே எல்டிஎல் இறங்க ஆரம்பித்துவிடும். உடம்பு ஒரு பெரிய அடியைச் சமாளிக்கும்போது இப்படி நடக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். போதாக்குறைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் எடுத்த 96, அவர் இருபது வருடமாகச் சுமந்த எல்டிஎல் இல்லை. அப்புறம், அந்த 96ஐ 'நார்மல்' என்று அவர் விட்டுவிடக் கூடாது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் இலக்கு 55க்குக் கீழே. இந்திய லிப்பிட் சங்கம் 50க்குக் கீழே என்கிறது. கொலஸ்ட்ரால் விஷயத்தில் நார்மல் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே எண் இல்லை. ஹீமோகுளோபினுக்குப் போடுவதுபோல இதற்கும் ஒரே வரம்பை அச்சடிப்பது எங்கள் துறையின் பழைய வழக்கம். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது ஹோமோசிஸ்டீன். 1969இல் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த குழந்தைகளின் தமனிகள் கிழவர்களின் தமனிபோலக் கெட்டிருப்பதைக் கவனித்தார். அப்புறம் வந்த ஆய்வுகளில், சாதாரண மக்களிலும் இது அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவது தெரிந்தது. ஃபோலிக் அமிலமும் பி12ம் கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் இறங்கும், மலிவான வைத்தியம். எல்லோருக்கும் உற்சாகம். 2006இல் இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் நன்றாக இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. அதாவது இது அடைப்போடு சேர்ந்து காணப்படுகிறது, அடைப்பை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை. உங்களுக்கு 24 வந்ததற்கு எளிய காரணம் சைவ உணவால் வரும் பி12 குறைபாடாக இருக்கலாம். அதைப் பரிசோதித்துச் சரிசெய்யுங்கள். நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது தேவை. இதயத்துக்காக என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

இதில் லேப்காரனாக ஒரு ரகசியமும் சொல்ல வேண்டும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும், அல்லது சீக்கிரம் சுழற்றிப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்கள் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பையன் காலை ஆறரை மணிக்கு உங்கள் வீட்டில் தொடங்கி, இன்னும் நான்கு வீடு முடித்து, பைக் பெட்டியில் வெயிலோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் பத்து மணி. அந்த மூன்றரை மணி நேரமும் உங்கள் எண்ணில் சேரும்.

எச்எஸ்-சிஆர்பி கதை கொஞ்சம் சிக்கலானது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஈரல் இந்தப் புரதத்தைச் சுரக்கும். 1க்குக் கீழே என்றால் குறைந்த அபாயம், 3க்கு மேலே என்றால் கூடுதல் என்று பிரிப்பார்கள். இது வெறும் புகை இல்லை, பின்னால் நெருப்பும் இருக்கிறது என்பதற்கு 2017இல் நல்ல சான்று கிடைத்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்தை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். மறுபடி வரும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. அதனால் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆக, அழற்சிக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. ஆனால் பல் ஈறு வீங்கினாலும், சளி பிடித்தாலும், முட்டி வலித்தாலும் சிஆர்பி ஏறும். செக்கப்புக்குப் பத்து நாள் முன்பு காய்ச்சல் இருந்தது என்று நீங்களே கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 6.2ஐக் கிழித்துப் போடுங்கள். உடம்பு முழுசாகத் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

எச்டிஎல் 36ஐ வைத்து யாராவது 'நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும்' பொடி விற்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மைதான்; 1948இலிருந்து அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர்க்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1970களிலேயே அதைக் காட்டிவிட்டது. அதனால் எச்டிஎல்லை ஏற்றினால் பிழைக்கலாம் என்று நம்பி டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கினார்கள். எச்டிஎல் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 2006 டிசம்பரில் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறவியிலேயே எச்டிஎல்லை மட்டும் ஏற்றும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் வந்த ஆய்வு அந்தக் கதையை முடித்து வைத்தது. எச்டிஎல் குறைவு என்பது வயிற்றுக் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, ட்ரைகிளிசரைடு ஏற்றம் என்ற கூட்டத்தோடு வரும் ஆள். தனியாகப் பிடித்து விசாரித்துப் பயனில்லை.

எல்டிஎல்லும் அதுபோல வெறும் கூட்டாளியாக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே மரபணுவும் மருந்தும் ஒரே திசையில் பேசுகின்றன. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வாங்கி (ரிசெப்டர்) பழுதான குடும்பங்களை ஆராய்ந்துதான் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுதைப் பெற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். வேறு எந்தக் காரணமும் இல்லாமல், எல்டிஎல் ஒன்றினாலேயே. எதிர்ப்பக்கமும் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்த நிலையில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. 2006இல் வெளியான இந்த ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. ஐம்பது வயதில் மாத்திரை தொடங்கி எல்டிஎல்லை அதே அளவு குறைத்தால் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. வித்தியாசம் வருடக்கணக்கில் இருக்கிறது. சிகரெட்டுக்கு எப்படி ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று பெருக்குகிறோமோ, அப்படித்தான் எல்டிஎல்லும். 128ஐ இருபது வருடம் சுமப்பது வேறு, 80ஐ இருபது வருடம் சுமப்பது வேறு.

மருந்துப் பக்கம் 1994இல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு ஒன்று போதும். இதய நோயுள்ள 4,444 பேர். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைவு. கொலஸ்ட்ரால் கதையே மருந்துக் கம்பெனி சதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை அனுப்பும் மாமாக்களிடம் பிசிஎஸ்கே9 ஆய்வையும் இதையும் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

உங்கள் பேக்கேஜில் இல்லாத, ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான டெஸ்ட் ஒன்று உண்டு: லிப்போபுரோட்டீன் 'ஏ'. நார்வேக்காரர் கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்தது. எல்டிஎல் துகள்மீது இன்னொரு புரதம் வாலாக ஒட்டிக்கொண்டால் அது இது. அளவு பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானமாகிறது. சின்ன வயதில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கடைசிவரை. நடைப்பயிற்சி, பத்தியம் எதற்கும் அசையாது, ஸ்டாட்டினுக்கும் இறங்காது. ஐந்தில் ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே இருக்கும். சில லேபுகள் நானோமோல் கணக்கில் கொடுப்பார்கள், அதில் வரம்பு 125; ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெருக்கி மாற்ற முயலாதீர்கள், வாலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் கணக்கு ஒத்துவராது. இதை மட்டும் குறிவைக்கும் மருந்துகள் சில வருடங்களாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு வருகின்றன. அப்படியானால் இப்போது தெரிந்து என்ன பயன்? பயன் உண்டு. மாற்ற முடியாத ஒன்று கூடுதலாக இருந்தால், மாற்றக்கூடிய எல்டிஎல்லையும் பிரஷரையும் இன்னும் கறாராகப் பிடிக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். முதலில் அண்ணனுக்கு எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு அதிகமிருந்தால் நீங்களும், உங்கள் பிள்ளைகளும், அவர் பிள்ளைகளும் பார்க்க வேண்டும்.

எச்பிஏ1சி 5.9 என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி, 5.7இலிருந்து 6.4 வரை அப்படித்தான் சொல்வார்கள். ட்ரைகிளிசரைடு 240க்கும் இதற்கும் வேர் ஒன்றே. நம் ஆட்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முட்டையை நிறுத்துவார்கள், தேங்காயை நிறுத்துவார்கள். தட்டில் சோற்றுக் குவியல் மட்டும் அப்படியே இருக்கும், நாலு வேளை டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையும் இருக்கும். ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயைவிட இந்த மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும், அதோடு மதுவுக்கும் பங்கு அதிகம். இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் அதிகம். லேபுக்கு வராமலே கிடைக்கிற நல்ல அளவு அது.

ரத்தத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் படம்தான் தெரியும். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகை, அப்போ-பிக்கும் எச்டிஎல்லின் புரதமான அப்போ-ஏ1க்கும் உள்ள விகிதம், பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாமை, உடற்பயிற்சி இல்லாமை, மதுப் பழக்கத்தின் விதம் என்ற ஒன்பதும் சேர்ந்தே உலகின் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிட்டன. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58.8. வாயில் அடக்கும் புகையிலையும் அபாயத்தைக் கூட்டுவதை அந்த ஆய்வு காட்டியது. "நான் பீடி சிகரெட் தொடுவதில்லை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையோடு புகையிலையும் போடுபவர்கள் கவனிக்க. பிரஷர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. இவ்வளவு காசு கொடுத்து எடுத்த ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி காலியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

டிரோப்போனின் டெஸ்ட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது வருங்காலத்தைச் சொல்ல எடுப்பதில்லை. இதயத் தசை இப்போது சேதமாகிறதா என்று பார்க்கிற டெஸ்ட். ஒருநாள் காலை எங்கள் கவுண்டருக்கு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். ராத்திரியிலிருந்து வாயுப் பிடிப்பு, சோடா குடித்தும் போகவில்லை, எதற்கும் ஒரு கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவு வியர்வை. ரசீது போடாமல் 108ஐக் கூப்பிட்டோம். அந்த நேரத்தில் லேபில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். ஈசிஜி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டிரோப்போனின் எடுப்பதும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பதும் அங்கே அவர்கள் வேலை.

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் நிதானமாக இதைச் செய்யுங்கள். காய்ச்சலின் சுவடு போனபின், அப்போ-பி எடுத்துக்கொள்ளுங்கள்; அண்ணனுக்கு அதிகமென்று வந்தால் லிப்போபுரோட்டீன் 'ஏ'யும். கூடவே தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், பி12. ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள். "அண்ணனுக்கு 46 வயதில் வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன் வந்திருந்தால் அது கணக்கில் சேரும் குடும்ப வரலாறு. 2018 அமெரிக்க வழிகாட்டுதல் அதையும், தெற்காசிய வம்சாவளியையும், 175க்கு மேல் நிலைத்து நிற்கும் ட்ரைகிளிசரைடையும் அபாயத்தைக் கூட்டும் காரணிகள் என்றே பட்டியலிட்டிருக்கிறது. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன; 240 மறுபடி எடுக்கும்போதும் இறங்காமல் நின்றால் மூன்றாவதும். ஸ்டாட்டின் இப்போதே தொடங்கலாமா, மூன்று மாதம் சோற்றையும் இடுப்பையும் குறைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். "எல்டிஎல் நார்மல்தானே" என்று அவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் தந்தால், 212இலிருந்து 36ஐக் கழித்துக் காட்டுங்கள்.